முதல் மஸில்லோடர் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பென்சில்வேனியா மான் வேட்டையை முன்வைத்து

துப்பாக்கிக் கடைக்குள் சென்று, "முதன்முதலாக ஒரு மஸில்லோடர் வாங்கப் போகிறேன், எது நல்லது?" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் பெரும்பாலும் அன்றைக்குக் கையிருப்பில் உள்ளதையே எடுத்துக் காட்டுவார். அது மட்டமான துப்பாக்கியாக இருக்காது. ஆனால் வாங்குபவர் எந்தப் பருவத்தில் வேட்டைக்குப் போக நினைக்கிறாரோ, அந்தப் பருவத்தில் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழையவே சட்டம் இடம் தராமல் போகலாம். ஆகவே ரைஃபிளை முதலில் பார்ப்பது தலைகீழான வழி. எந்த மாநிலம், எந்தப் பருவம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறோம், எந்த வகைக் குண்டை, எந்த வெடிமருந்தைக் கொண்டு சுடப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இவை தெளிவான பிறகு வாங்கத் தக்க ரைஃபிள்களின் எண்ணிக்கை தானாகவே இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

மஸில்லோடர் என்பது தோட்டாவைப் பின்புறமாகச் செருகிச் சுடும் துப்பாக்கி போன்றதன்று. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, இடிகோலால் அடிவரை தள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வெடிக்காகக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. தமிழ்நாட்டில் நரிக்குறவர்களின் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதாக இருக்காது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை பொதுவாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலோ மான் வேட்டை, உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வகுக்கப்பட்டு, மாநில வனவிலங்குத் துறைகளின் மேற்பார்வையில் நடப்பது. அங்கே மஸில்லோடருக்கென்றே பல மாநிலங்கள் தனிப் பருவம் ஒதுக்கியிருக்கின்றன. அந்தப் பருவத்துக்காகத்தான் பெரும்பாலோர் இந்தத் துப்பாக்கியை வாங்குகிறார்கள். இந்த வழிகாட்டி பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மானை வேட்டையாட விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. வேறு மாநிலங்கள் ஒப்பீட்டுக்காக மட்டும் வரும்.

முதலில் பருவ விதிகள்

பென்சில்வேனியாவில் மஸில்லோடர் வேட்டைக்கு இரண்டு தனி வாய்ப்புகள் உண்டு. அக்டோபர் நடுவில் ஒரு வாரம், கொம்பில்லா மான்களுக்கு மட்டுமான பருவம் வருகிறது. இதில் நவீன வகை மஸில்லோடர்களையும் பயன்படுத்தலாம், தொலைநோக்கியும் பொருத்தலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரிக்குள் நீளும் இன்னொரு பருவம் 1974இல் தொடங்கப்பட்டது. அதில் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்கு மட்டுமே இடம். குழலின் உள்விட்டம் 44 கேலிபருக்கு, அதாவது 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தொலைநோக்கி கூடாது. பனி மூடிய காட்டில், மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாம் வீடு திரும்பிய பின், பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவியோடு நிற்பதற்காகவே இந்தப் பருவத்தை ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். இவ்விரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்பது முடிவானால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

மாநில எல்லையைத் தாண்டினால் விதிகள் வெகுவாக மாறும். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் திறந்த இரும்புக் குறிகள் மட்டுமே செல்லும். வில்லையாக அழுத்தப்பட்ட மருந்தும், குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையான சபோவும் அங்கே தடை. மானுக்கு 40 கேலிபர் போதும், எல்க் எனப்படும் பெரிய மானினத்துக்கு 50 வேண்டும். ஐடஹோவின் மஸில்லோடர் பருவங்களில், நவீன மஸில்லோடர்களில் மருந்தைப் பற்ற வைக்கும் 209 பிரைமரே கூடாது. நண்பர் ஒருவர் மலைப்பகுதி மாநிலம் ஒன்றுக்கு அழைப்பார் என்ற நம்பிக்கை இருந்தால், அந்த மாநிலத்தின் விதிகளையும் இப்போதே படித்து வைப்பது நல்லது. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், அந்தந்த ஆண்டுக்கான அரசுக் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். கடைக்காரரின் நினைவையும் நண்பரின் உறுதிமொழியையும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

உரிமம் குறித்தும் ஒரு சொல். முதல் முறை உரிமம் பெறுபவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு பொது உரிமத்தோடு மஸில்லோடருக்கான கூடுதல் உரிமத்தையும் பெற வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வழக்கமான மஸில்லோடர்களைப் பழங்காலத் துப்பாக்கி என்ற வகையில் வைத்து, 'துப்பாக்கி' என்ற தனது வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. அதனால்தான் பல மாநிலங்களில் அவற்றை அஞ்சலிலேயே வரவழைக்க முடிகிறது. ஆனால் நவீனக் குழலை மாற்றிப் பொருத்தக்கூடிய உடற்பகுதியைக் கொண்ட மாதிரிகளுக்கு இந்த விலக்குக் கிடையாது. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் மஸில்லோடரையும் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் இங்கே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். அத்தகையோர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எனவே முதலில் உரிமம், பிறகு துப்பாக்கி என்ற வரிசையை மாற்றாமல் இருப்பதும், ஐயம் இருந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதும் அறிவுடைமை.

தீ எப்படிப் பற்றுகிறது என்பதே துப்பாக்கியின் குணம்

மூன்று வகைகள் உள்ளன. பழமையானது ஃபிளின்ட்லாக். குதிரை எனப்படும் சுத்தியலின் தாடையில் கவ்வப்பட்ட சக்கிமுக்கிக் கல், விசையை அழுத்தியதும் முன்னே பாய்ந்து ஓர் உருக்குத் தகட்டைச் சுரண்டுகிறது. தெறிக்கும் பொறி, தகட்டின் கீழே திறந்துகொள்ளும் சிறு கிண்ணியில் உள்ள மாவு போன்ற மருந்தில் விழுகிறது. அந்தச் சுடர் குழலின் பக்கத் துளை வழியாக உள்ளே சென்று முதன்மை மருந்தைப் பற்ற வைக்கிறது. நல்ல பூட்டும், அதாவது தீப்பற்ற வைக்கும் இந்தப் பொறியமைப்பும், நன்றாகக் கூர்செய்த கல்லும் இருந்தால் இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மங்கிய கல், நன்றாகப் பதம் ஏறாத தகடு, ஈரம் ஏறிய கிண்ணி மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், கிண்ணியில் மட்டும் புகை எழும்பும், குழல் மௌனமாக இருக்கும், மான் ஓடியிருக்கும். அதைவிடத் தொல்லையானது, கண்ணுக்கு முன்னால் எழும் சுடரைக் கண்டு சுடுபவரே திடுக்கிட்டுக் குறி விலகிவிடுவது. குண்டு வெளியேறும் வரை அசையாமல் நிற்கும் பழக்கம் ஓரிரு நாளில் வராது.

இந்தக் குறையிலிருந்து பிறந்ததே இரண்டாவது வகை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், கிண்ணியின் சுடரைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன்னே விலகிவிடுவதைக் கண்டு சலித்து, தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு தீப்பற்ற வைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழியே பிற்பாடு வந்ததுதான், நிப்பிள் என்னும் சிறு முனையில் கவிழ்த்து வைக்கும் செம்புத் தொப்பி. நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் கேப்பு என்று சொல்வதும் இதையே. குதிரை அதன்மேல் அடித்ததும் தீ நேரே உள்ளே பாய்கிறது. பூட்டு குழலின் பக்கவாட்டில் இருப்பதால் இவ்வகையை சைட்லாக் என்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைவேட்டைத் துப்பாக்கிகளின் பெயரைத் தாங்கி, தாம்சன் சென்டர் நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஹாக்கன் மாதிரிதான் இன்றைய வேட்டைக்காரர்களிடையே இவ்வகையை மறுபடியும் பரப்பியது. பழைய பொருள் சந்தையில் அது இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

மூன்றாவது இன்லைன். மிசூரி மாநிலத்தின் டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்கே-85 இதற்கு வழி திறந்தது. பற்றவைக்கும் பிரைமர் குழலின் நேர் பின்னால் அமர்வதால் தீ வளையாமல் நேர்கோட்டில் செல்கிறது. இன்றைய இன்லைன்களில் பெரும்பாலானவை ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமரையே பயன்படுத்துகின்றன. பின்புற அடைப்பைக் கழற்றிக் குழலை இருபுறமும் துடைக்கலாம், மழையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம், தொலைநோக்கி பொருத்தத் துளைகள் முன்னமே இருக்கும். தோற்றத்திலும் பயன்பாட்டிலும் இது ஒரு வெடி மட்டும் சுடும் நவீன ரைஃபிள்தான். சில மாநிலங்கள் இதை வரவேற்றதும், வேறு சில தடை செய்ததும், இன்னும் சில பாதி வழியில் நின்றதும் இந்த ஒற்றுமையால்தான். இப்போது மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் குழம்பிக் கிடப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக ஒரு வாரம் வேட்டைக்குப் போக வேண்டும், உறைபெட்டியில் இறைச்சி சேர வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பவர் இன்லைன் வாங்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கலையையே கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர், 50 கேலிபர் தொப்பி வகை சைட்லாக்கில் தொடங்குவது நல்லது. மருந்தை அளப்பது, குண்டைச் சீராக இறுக்குவது, குழலைக் கழுவுவது ஆகிய எல்லாமே ஃபிளின்ட்லாக்குக்கும் அப்படியே பொருந்தும், கல்லும் கிண்ணியும் தரும் தலைவலி மட்டும் இருக்காது. கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவம்தான் குறிக்கோள் என்றால் வேறு வழியில்லை, ஃபிளின்ட்லாக்கையே வாங்க வேண்டும். அப்போது செலவைக் குழலின் அலங்காரத்தில் போடாமல் பூட்டில் போட வேண்டும். மிக மலிவான ஃபிளின்ட்லாக்குகளில் முதலில் கைவிடுவது பூட்டுதான். வலுவற்ற வில்லும் மென்மையான தகடும் உள்ள பூட்டோடு ஒரு பருவம் போராடியவர் அடுத்த ஆண்டு அதை விற்றுவிடுவார். கைவேலையில் விருப்பம் உள்ளவருக்கு, ஓஹாயோவில் ஜிம் கிப்ளர் கணினி இயந்திரத்தால் நுட்பமாக வெட்டித் தரும் நீள்ரைஃபிள் கிட்டுகள் நல்ல தேர்வு. மரமும் உலோகமும் ஏறக்குறையப் பொருந்திய நிலையில் வருகின்றன, தேய்த்து மெருகேற்றிப் பூட்டுவது நம் வேலை.

கேலிபரும் குழலின் முறுக்கும்

கேலிபரில் நீண்ட விவாதம் தேவையில்லை. வெள்ளைவால் மானுக்கு 50 கேலிபர், அதாவது அரை அங்குலக் குழல், எல்லா வகையிலும் போதுமானது. அதற்கான குண்டுகள்தான் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 45 கேலிபர் உருண்டைக் குண்டு சுமார் 128 கிரெய்ன், 50 கேலிபரில் சுமார் 177, 54 கேலிபரில் ஏறத்தாழ 224 கிரெய்ன் எடை வரும். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால், 50 கேலிபர் ஈயக் குண்டு பதினொன்றரை கிராம். எல்க் வேட்டை கனவில் இருந்தால் 54ஐ எண்ணிப் பார்க்கலாம். உருண்டைக் குண்டு மட்டுமே சுடப் போகும் தொடக்கக்காரருக்கு 45ஐ நான் பரிந்துரைப்பதில்லை. அது மானைக் கொல்லாது என்பதால் அன்று, இடம் சற்றே தவறினால் மன்னிக்காது என்பதால்.

விவாதம் தேவைப்படுவது முறுக்கில். பெட்டியின் மேல் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலோர் படிக்காத எண் அது. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழல வைக்கின்றன. எத்தனை அங்குல நீளத்தில் அந்தச் சுருள் ஒரு முழுச் சுற்றை முடிக்கிறது என்பதே முறுக்கு அளவு. உருண்டைக் குண்டு சிறு சுழற்சியிலேயே நிலைபெற்றுவிடும், அதற்கு 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான முறுக்குப் போதும். துணிச்சுற்றில் பொதிந்த உருண்டையை வேகமான முறுக்குள்ள குழலில், நிறைய மருந்தோடு சுட்டால், அது பள்ளத்தைப் பற்றிச் சுழல்வதை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு வெளியேறி எங்கெங்கோ போய் விழும். நீண்ட கூம்புக் குண்டுக்கும் சபோவுக்கும் நேர்மாறாக வேகமான சுழற்சி வேண்டும், இல்லாவிட்டால் பறக்கும்போதே தள்ளாடும். இன்றைய இன்லைன்கள் பலவற்றில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருப்பது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே தாம்சன் சென்டர் ஹாக்கன் போன்றவற்றில் 48 அங்குலம் காணப்படும். உருண்டையையும் குட்டையான கூம்பையும் ஓரளவு நன்றாகவே சுடும் சமரசம் அது. லைமன் நிறுவனம் தன் கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிளை உருண்டைக்காக 60 அங்குல முறுக்கோடும், அதன் ஹன்ட்டர் வடிவத்தைக் கூம்புக்காக 32 அங்குல முறுக்கோடும் விற்றது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே இருவேறு துப்பாக்கிகள்.

ஆகவே குண்டை முதலில் தேர்ந்தெடுங்கள். பென்சில்வேனியாவின் அடர்ந்த காடுகளில், மலை லாரல் புதர்களுக்கு நடுவே, மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் ஐம்பது அறுபது கஜத்தில்தான். அந்தத் தூரத்தில் மென்மையான தூய ஈய உருண்டை செய்ய முடியாத வேலையை வேறெந்தக் குண்டும் செய்துவிடாது. உருண்டை காற்றில் விரைவாக வேகம் இழக்கும் என்பதால் நூறு கஜத்தை அதன் வெளி எல்லையாகக் கொள்ள வேண்டும். திறந்தவெளியும் சோளக்கொல்லை ஓரங்களும் உள்ள பகுதியில், நூற்றைம்பது கஜம் வரை பார்வை ஓடும் இடத்தில் உட்காரப் போகிறவருக்கு இன்லைனும் சபோவும் தொலைநோக்கியும் பொருத்தம்.

மருந்து

கரிமருந்து, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய கறுப்பு மருந்து, குருணையின் அளவைப் பொறுத்து எஃப் எண்ணிக்கையால் தரம் பிரிக்கப்படுகிறது. எஃப் கூடக்கூடக் குருணை சிறுக்கும். 50 கேலிபர் வேட்டைத் துப்பாக்கிக்கு இரண்டு எஃப் அல்லது மூன்று எஃப், கிண்ணிக்கு நான்கு எஃப் என்பது வழக்கம். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 ஆகியவை இதன் மாற்றுகள். இவை பற்றிக்கொள்ளக் கூடுதல் வெப்பம் தேவைப்படுவதால் ஃபிளின்ட்லாக்கின் பொறி இவற்றை நம்பத்தக்க வகையில் பற்ற வைப்பதில்லை. பிளாக்ஹார்னுக்கோ 209 பிரைமரின் வலிய சுடரே வேண்டும். எனவே ஃபிளின்ட்லாக் வாங்குபவர் உண்மையான கரிமருந்து எங்கே கிடைக்கும் என்பதை ரைஃபிளுக்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். அது சட்டப்படி வெடிபொருள் வகையில் வருவதால் சாதாரணக் கடைகள் அதை வைத்திருப்பதில்லை. கோயெக்ஸ் மருந்தின் உற்பத்தியை அதன் உரிமையாளர் 2021இல் நிறுத்துவதாக அறிவித்தபோது அமெரிக்கா முழுவதும் ஃபிளின்ட்லாக்காரர்கள் பதறிப்போனார்கள். மறு ஆண்டு வேறொரு நிறுவனம் அதை வாங்கிய பின்தான் மூச்சு வந்தது.

மஸில்லோடர் மருந்தை எடையால் அளப்பதில்லை, கன அளவால் அளப்பதே வழக்கம்; அளவியில் உள்ள கிரெய்ன் குறிகளும் அந்தக் கன அளவையே காட்டும். உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்லும் உச்ச அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது. அதன் கீழ் எல்லையிலிருந்து தொடங்கி, ஐந்து ஐந்து கிரெய்னாகக் கூட்டி, குண்டுகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றன என்று பார்த்து அங்கேயே நின்றுவிடுவது நல்லது. 50 கேலிபரில் உருண்டைக் குண்டுக்கு அது பெரும்பாலும் 70 முதல் 90 கிரெய்னுக்குள் அமையும். டிரிபிள் செவன் வீரியம் மிகுந்தது என்பதால் கரிமருந்தின் அளவிலிருந்து 15 விழுக்காடு குறைக்கச் சொல்கிறார்கள். மூன்று வில்லை போட்டு 150 கிரெய்னில் சுடலாம் என்ற விளம்பரம் தோளுக்கு நன்மை செய்வதில்லை, மானுக்கும் அதன் வேறுபாடு தெரியாது.

ஒன்றை மட்டும் விதிவிலக்கே இல்லாத விதியாகக் கொள்ள வேண்டும். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தை, அதற்கென்றே வடிவமைத்து அவ்வாறு அறிவிக்கப்பட்ட சில தனி மாதிரிகளைத் தவிர, எந்த மஸில்லோடரிலும் ஒரு சிட்டிகைகூட இடக் கூடாது. அதன் அழுத்தம் குழலைப் பிளந்து கையையோ கண்ணையோ கொண்டுபோய்விடும். பிளாக்ஹார்ன் பார்வைக்குப் புகையற்ற மருந்தைப் போலத் தோன்றுவதால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதும் ஆபத்து.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து கண்ணை மூடிக் கன்னத்தை மரத்தில் பதியுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி நேராகத் தெரிந்தால் மரம் உங்களுக்குப் பொருந்துகிறது. குளிர்காலத்துத் தடித்த மேலங்கியோடு இதைச் செய்து பார்ப்பது முக்கியம், கடையில் சட்டையோடு பொருந்தும் துப்பாக்கி டிசம்பரில் அங்கி மடிப்பில் சிக்கிக்கொள்ளும். ஹாக்கன் வகைகளின் பிறை வடிவ உலோகப் பின்தகடு அழகானது. ஆனால் அதைத் தோள்குழியில் வைத்துச் சுட்டால் அதன் முனைகள் குத்தும், மேற்கையோடு ஒட்டி வைத்துச் சுடப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வேண்டாம் என்பவர் தட்டையான பின்தகடு உள்ள மாதிரியைத் தேடலாம். எண்கோணக் குழலுள்ள ஹாக்கன் நான்கு கிலோவை ஒட்டி எடை இருக்கும். நின்று சுடும்போது அந்த எடை துணை, மலையேறும்போது சுமை. இடக்கைக்காரர்கள் வலப்புறம் பூட்டுள்ள ஃபிளின்ட்லாக்கைத் தவிர்ப்பது நல்லது, கிண்ணியின் சுடர் முகத்துக்கு நேரே எழும்பும்.

விலையைப் பொறுத்தவரை, சிவிஏ, டிரெடிஷன்ஸ் போன்ற நிறுவனங்களின் அடிப்படை இன்லைன்களும் எளிய சைட்லாக்குகளும் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. இவற்றில் பலவும் ஸ்பெயினில் செய்யப்படுபவை. இத்தாலியின் பெடர்சோலி போன்றவற்றின் நேர்த்தியான சைட்லாக்குகள் ஆயிரம் டாலரைத் தாண்டும். முதல் துப்பாக்கிக்கு நடுத்தர விலையே போதும். இடிகோல், மருந்தளவி, தொப்பி, குண்டு, துணிச்சுற்று, நிப்பிள் திருகி, துடைப்பான்கள் என்று கூடவே வாங்க வேண்டியவை ரைஃபிள் விலையில் ஒரு நல்ல பங்கை விழுங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் முதல் வேலை, அது கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. விற்பவரே அறியாமல் பல ஆண்டுகளாக மருந்தும் குண்டும் உள்ளே தங்கியிருக்கும் துப்பாக்கிகள் சந்தைக்கு வருவதுண்டு. இடிகோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயின் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தில் அதே இடத்திலிருந்து ஒட்டி வைத்துப் பாருங்கள். அதன் முனை நிப்பிள் அல்லது பக்கத்துளை இருக்கும் இடத்தை எட்ட வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள், அதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

குழல் காலி என்று உறுதியான பின் சிறு விளக்கை உள்ளே விட்டுப் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். வெளியே பளபளப்பாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு ஹாக்கனை அவசரத்தில் வாங்கி வந்து, வீட்டில் இறுக்கமான துணியை உள்ளே தள்ளியபோது, பாதி வழியில் அது கரடுமுரடாகச் சிக்கியதை நான் உணர்ந்தேன். யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை கழுவாமல் விட்டிருக்கிறார், துரு அடிப்பகுதியைத் தின்றுவிட்டது. அந்தத் துணிச் சோதனையைக் கடையிலேயே செய்திருந்தால் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அடுத்து, குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள், அது இறங்கக் கூடாது. பூட்டுக்குப் பின்னால் மரம் ஒடுங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழமையான அசல் துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தேர்ந்தவர் ஒருவர் சோதித்துச் சொல்லும் வரை அது சுவரில் தொங்குவதே நல்லது.

வாங்கிய பின் முதல் நாள்

சுடுதளத்தில் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டியவை சில. மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்தைய வெடியின் கங்கு உள்ளே இருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவியில் ஊற்றி, அதிலிருந்துதான் குழலுக்கு. குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர வேண்டும். பாதி வழியில் நின்ற குண்டோடு சுட்டால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். சரியாகக் கெட்டித்த நிலையில் இடிகோல் குழல் வாயில் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடே சாட்சி சொல்லும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி இரண்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

ஐம்பது கஜத்தில் ஆறு அங்குலத் தட்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் இடையே ஈரத்துணியால் ஒரு முறை குழலைத் துடைத்துக்கொண்டு, ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழுந்தால் எழுபத்தைந்துக்கு நகருங்கள். எந்தத் தூரத்தில் ஒன்றேனும் தட்டை விட்டு வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரமே அந்த ஆண்டு காட்டில் உங்கள் எல்லை. துப்பாக்கியால் அதைவிடத் தொலைவில் சுட முடியும் என்பது வேறு செய்தி.

கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். பைரோடெக்ஸும் இந்த விஷயத்தில் அதைவிட நல்லதன்று. ஆகவே எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்று மாலையே சுடுநீரும் சிறிது சோப்பும் கொண்டு குழலைக் கழுவி, துணி வெண்மையாக வெளியே வரும் வரை துடைத்து, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். ஹாக்கன் வகைகள் சிலவற்றில் அடியிலுள்ள மருந்தறை குழலைவிடக் குறுகலாக இருக்கும், அங்கே சாதாரணத் துடைப்பான் எட்டாது, சிறிய தூரிகை ஒன்று தனியாக வேண்டும். இன்லைனில் பின் அடைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் மரையில் இறுகாமல் காக்கும் பசை தடவிய பின் பூட்ட வேண்டும். மறுநாள் உலர்ந்த துணி ஒன்றை மீண்டும் உள்ளே விட்டு எடுங்கள். அதில் பழுப்பு நிறம் தெரிந்தால் முந்தைய நாள் வேலை முடியவில்லை, முழுவதையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.